ஒரு கிலோ

"வீட்டிலிருந்து சரியாக ஒரு கிலோ கொண்டு வாருங்கள்.
எதுவாகவும் இருக்கலாம்.
தராசு பார்க்கக் கூடாது, கைதான் தராசு."
வெள்ளிக்கிழமை பலகையில் எழுதிப் போட்டேன்.
திங்களன்று சிலோயே தீவின் மொத்த மழையும்
மூன்றாம் வகுப்பு வாசலில் சொட்டிக்கொண்டு நின்றது.

யாஸ்னாவிடம் ஊதா உருளைக்கிழங்குகள், ஒன்பது.
நாவுவெல்லிடம் படகுப் பெட்டியிலிருந்து எடுத்த
துருப்பிடித்த ஆணிகள்.
ஒத்தாவியோவின் பைக்குள் பூனை.
சமையலறையில் இரவல் வாங்கிய தராசில்
அது ஒரு நொடி நின்றது:
மூவாயிரத்து நானூறு.
"குட்டியா இருந்தப்போ சரியா இருந்திருக்கும்" என்றான்
வாய்தா கேட்கும் வக்கீல் மாதிரி.
ரயேன்தான் அசத்தினாள்.
சீவாத, சாயம் காணாத செம்மறிக் கம்பளி,
துணி மூட்டையில்.
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு!
வகுப்பே கைதட்டியது.
பூனை அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

எலிசெயோவின் கை காலி.
"மறந்துட்டியா?"
"இல்ல டீச்சர். ஆஸ்பத்திரியில இருக்கு."
சிரித்தார்கள். எனக்கும் பாதிச் சிரிப்பு வந்துவிட்டிருந்தது,
அவன் முடிப்பதற்குள்.
"தங்கச்சி. ஒரு கிலோ நாற்பது கிராம்.
புவேர்த்தோ மோந்த்துல, கண்ணாடிப் பெட்டிக்குள்ள.
என்னை உள்ள விடல."

எல்லாவற்றையும் ஒருமுறை தூக்கிப் பார்க்கலாமா என்றான்.
கண்ணை மூடிக்கொண்டான்.
ஆணி: "குத்துது."
கிழங்கு: "உருண்டுக்கிட்டே இருக்கு."
யாரோ கொண்டுவந்த மாவுப் பொட்டலம்:
"இது தூங்குது. ஆனா சில்லுனு இருக்கு."
கம்பளி கைக்கு வந்ததும்
முழங்கை தானாக மடிந்தது.

நாற்பது கிராம் குறைகிறதே என்று
யாஸ்னா இருப்பதிலேயே சின்னக் கிழங்கைத் தேடி
மூட்டைக்குள் செருகினாள். அது நாற்பத்திரண்டு.
"கம்பளியில ரெண்டு குறைச்சல்ல, சரியாப் போச்சு"
என்றான் நாவுவெல்,
மூன்று வாரமாகக் கணக்கு வராத நாவுவெல்.

மூட்டையை விறகடுப்புப் பக்கம் வைத்துவிட்டுப் போனோம்.
செவ்வாய் காலை நிறுத்தால்
தொள்ளாயிரத்து நாற்பது.
யார் எடுத்தது? யாருமில்லை.
ஜன்னலைக் காட்டினேன். கண்ணாடி முழுக்க ஈரம்.
"நேற்று நாம் நிறுத்ததில் நூறு கிராம் மழை.
இதோ, போகிற வழியில் நிற்கிறது."
நல்ல பாடம். 'ஆவியாதல்' என்று
பெரிய எழுத்தில் எழுதிவிட்டுத் திரும்பினேன்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ளயும் சூடுதானே டீச்சர்?"

சுண்ணாம்புக்கட்டி விரல்களுக்கிடையே சும்மா இருந்தது.
பிறந்த பிள்ளை முதலில் கொஞ்சம் இளைக்கும்,
அப்புறம் ஏறும், என்றேன்.
எப்போ?
தெரியாது, என்றேன்.
பதினோரு வருடத்தில் அந்தச் சொல்லைப்
பலகைக்கு முன்னால் நின்று சொன்னது அன்றுதான்.

அதற்குப் பிறகு வீட்டுப்பாடத்தை நான் கொடுப்பதில்லை.
இரவு எட்டு மணிக்கு அம்மா கூப்பிடுகிறார்,
காலையில் அவன் ஓர் எண்ணோடு வருகிறான்.
ஆயிரத்துப் பத்து.
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
மூட்டையைப் பிரிக்கிறார்கள், கிழங்கை மாற்றுகிறார்கள்,
சிப்பி ஓட்டைப் போடுகிறார்கள், எடுக்கிறார்கள்,
எண் வந்து நிற்கும்வரை ஒருவரும்
உட்கார்வதில்லை.
வருகைப் பதிவே பிறகுதான்.

ரயேனின் அம்மா ஸ்வெட்டருக்குக் கம்பளி கேட்டு
இரண்டு முறை ஆள் விட்டுவிட்டார்.
"அடுத்த வெள்ளி" என்று தவணை சொல்லி அனுப்புகிறாள் ரயேன்,
கண்ணைக்கூட இமைக்காமல்.

இன்று எலிசெயோ ஓடி வந்தான்.
சப்பாத்துச் சேறு வகுப்பு நடுவரை.
"ஆயிரத்து அஞ்சு!"

பதினைந்து கிராம். கிழங்கு கனம், ஓடு போதாது,
ஆணி வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான்.
ஒத்தாவியோ கால்சட்டைப் பைக்குள் கைவிட்டான்.
வெகுநேரம் துழாவினான்.
மூன்று கோலிக்குண்டுகள்,
ஒவ்வொன்றாக வைத்தான்.
"கடனாத்தான்" என்றான்.